கடைமடை கம்ப்யூட்டருக்கும் நெட் வர வேண்டும்: ஸ்குவிட் ப்ராக்ஸியோடு என் அனுபவம்

மன்னார்குடியில் ஹரித்ராநதி தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் சென்டர். அப்பா காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். இப்போது பதினான்கு கம்ப்யூட்டர், டாலி வகுப்பு, டைப்பிங் வகுப்பு, போட்டித் தேர்வுகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என்று ஓடுகிறது. பதினான்குக்கும் சேர்த்து இருப்பது ஒரே நெட் லைன். அதைச் சண்டையில்லாமல் பங்கு பிரித்துக் கொடுப்பது ஸ்குவிட் என்கிற ப்ராக்ஸி மென்பொருள். ஆறு வருடத்துக்கு மேலாக அதை நம்பித்தான் இருக்கிறேன். உபுண்டு, விண்டோஸ், ஃபெடோரா, ஃப்ரீபிஎஸ்டி, மேக் என ஐந்து இயங்குதளங்களிலும் என் கையாலேயே நிறுவிப் பார்த்துவிட்டேன். எதில் போடலாம், எதில் வேண்டாம் என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

இதில் நான் இறங்கியதற்குக் காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் வட்டாரத்தில் தென்னந்தோப்பெல்லாம் சாய்ந்து கிடந்தது, கரண்ட் கம்பங்கள் முறிந்து கிடந்தன. கரண்ட் திரும்பிய பிறகும் நெட் லைன் வரவில்லை. என் போனை ஒரு கம்ப்யூட்டரில் செருகி, அதன் நெட்டையே மற்றவற்றுக்கும் பகிர்ந்து வகுப்பைத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. காலை ஒன்பதரைக்கு எல்லாவற்றையும் போட்டால், பத்து மணிக்கெல்லாம் டேட்டா தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்துவிடும். பிள்ளைகள் ஒரு பக்கம்கூடத் திறந்திருக்க மாட்டார்கள். உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: பதினான்கு விண்டோஸும் ஒரே அப்டேட்டை ஆளுக்கொரு தடவை இறக்கிக்கொண்டிருந்தன.

ப்ராக்ஸி செய்யும் வேலை இந்த இடத்துக்கென்றே அமைந்தது. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்காகவும் தானே வெளியே போய் வாங்கி வரும். ஒருவருக்கு வாங்கியதைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்தவர் கேட்டால் வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். ஸ்குவிட் இந்த வேலையை 1996 முதல் செய்கிறது. காசு கிடையாது, ஜிபிஎல் உரிமத்தில் வரும் கட்டற்ற மென்பொருள். ஸ்குவிட் என்றால் நம் நாகப்பட்டினம் கடற்கரையில் கிடைக்கும் கணவாய்தான். என் மாணவர்கள் அந்தப் பெட்டியைக் கணவாய் என்றேதான் சொல்வார்கள்.

முதலில் உபுண்டு. அப்பாவின் டைப்ரைட்டிங் மேசைக்குக் கீழே சும்மா கிடந்த ஒரு கோர் டூ டியோ கம்ப்யூட்டர், நாலு ஜிபி ரேம், ஐநூறு ஜிபி ஹார்டு டிஸ்க். அதில் லினக்ஸ் வகையான உபுண்டு 18.04 போட்டேன். டெர்மினலில் ஒரே வரி, சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஸ்குவிட். இரண்டு நிமிடத்தில் இறங்கி, தானே ஓடவும் தொடங்கிவிட்டது. 3.5 பதிப்பு. நிறுவுவது என்றால் அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது.

ஸ்குவிட் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால் மிரண்டு போவீர்கள். பல ஆயிரம் வரி. பயப்பட வேண்டாம், முக்கால்வாசிக்கு மேல் விளக்கம்தான். நாம் தொட வேண்டியது பத்துப் பதினைந்து வரி. நிறுவியவுடன் அது தான் இருக்கும் கம்ப்யூட்டரை மட்டும்தான் அனுமதிக்கும்; பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து கேட்டால் ஆக்சஸ் டினைடு என்று திருப்பி அனுப்பிவிடும். நம் நெட்வொர்க்கின் முகவரிகளை எழுதி, இவர்களை விடு என்று ஒரு அனுமதி வரி சேர்க்க வேண்டும். அந்த வரியை நான் ஃபைலின் கடைசியில் எழுதினேன். வேலை செய்யவில்லை. எழுத்துப் பிழை தேடித் தேடி ஒரு ராத்திரி போயிற்று. விஷயம் இதுதான்: ஸ்குவிட் அனுமதி வரிகளை மேலிருந்து கீழே படிக்கும், முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். எல்லோரையும் மறு என்ற வரி எனக்கு மேலே இருந்தது. என் வரியை அதற்கு மேலே தூக்கி வைத்ததும் பதினான்கும் திறந்தன. என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதே கோளாறுதான்.

அடுத்தது, வாங்கியதை வைத்துக்கொள்ளும் இடம். சொல்லாமல் விட்டால் ஸ்குவிட் ரேமில் 256 எம்பி மட்டும் எடுத்துக்கொள்ளும், டிஸ்கில் எதையும் வைக்காது. நம் ஊரில் கரண்ட் போனால் அத்தனையும் போச்சு. அதனால் கேஷ் டைர் என்ற வரியைத் திறந்து இருபது ஜிபி கொடுத்தேன். அப்புறம் ஸ்குவிட்டை நிறுத்தி, டெர்மினலில் ஸ்குவிட் மைனஸ் இசட் என்று போட்டு ஓட்டினால் ஃபோல்டர்களை உருவாக்கும், பிறகு மறுபடி தொடங்க வேண்டும். நிறுத்தும்போது அரை நிமிடம் அப்படியே நிற்கும். திறந்திருக்கும் இணைப்புகள் முடியட்டும் என்று முப்பது விநாடி காத்திருப்பது அதன் வழக்கம். பொறுமையாக இருங்கள், பட்டனை அழுத்தி அணைத்துவிடாதீர்கள்.

விண்டோஸ் அப்டேட்டைப் பிடித்து வைப்பதற்கு இதுவும் போதாது. 4 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஸ்குவிட் டிஸ்கில் வைக்காது என்பது அதன் ஆரம்ப அளவு. அதை ஒரு ஜிபியாக ஏற்றினேன். அந்த வரி கேஷ் டைர் வரிக்கு மேலே இருக்க வேண்டும். விண்டோஸ் ஃபைலை முழுதாகக் கேட்காது, துண்டு துண்டாகக் கேட்கும். துண்டுகளை ஸ்குவிட் சேமிக்காது. ரேஞ்ச் ஆஃப்செட் லிமிட் என்ற வரியை ஏற்றி வைத்தால், ஒரு துண்டு கேட்டாலும் முழு ஃபைலையும் வாங்கி வைத்துக்கொள்ளும். இன்னொன்று, விண்டோஸின் ப்ராக்ஸி செட்டிங்கில் முகவரியைப் போட்டால் க்ரோமும் எட்ஜும்தான் இந்த வழியாக வரும். ஃபயர்பாக்ஸுக்குத் தனி செட்டிங் உண்டு. பின்னணியில் ஓடும் அப்டேட் சர்வீஸ் இவை எதையும் பார்க்காது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மின் உரிமையோடு திறந்து நெட்ஷ் வின்எச்டிடிபி கட்டளையில் அதற்கும் ப்ராக்ஸியைக் காட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

அன்று மாலை வகுப்பு முடிந்த பிறகு முதல் கம்ப்யூட்டரில் அப்டேட்டைத் தட்டிவிட்டு, யார் எதைக் கேட்டார்கள் என்று ஸ்குவிட் எழுதிவைக்கும் ஆக்சஸ் லாக் ஓடுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிக்கு வரி டிசிபி மிஸ், டிசிபி மிஸ். எல்லாம் வெளியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அது முடிந்ததும் இரண்டாவது கம்ப்யூட்டர். முதல் வரியே டிசிபி ஹிட். அடுத்ததும் ஹிட். போனில் டேட்டா கணக்கைப் பார்த்தேன், அசையவே இல்லை. கூட இருந்த பையன், "மிஸ், நெட்டே இல்லாம இறங்குது!" என்று கத்திவிட்டான். எனக்கும் அந்த நேரத்தில் கண் கலங்கியது உண்மை. புயலுக்குப் பிறகு அந்த மாதத்தில் நான் நினைத்தபடி நடந்த முதல் காரியம் அது.

சரி, குறையையும் சொல்ல வேண்டும். யூடியூப் வீடியோவைச் சேமித்து வைத்து எல்லோருக்கும் கொடுக்கும் என்று நினைத்து ஸ்குவிட் போடாதீர்கள். இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ். பூட்டிய பெட்டி போல உள்ளே போய் வருகிறது. எந்தத் தளம் என்று மட்டும்தான் ஸ்குவிட்டுக்குத் தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. லாகில் டிசிபி டன்னல் என்று வரும் வரிகள் அவைதான். அந்தப் பூட்டையும் திறக்க எஸ்எஸ்எல் பம்ப் என்று ஒரு வழி இருக்கிறது. நம்முடைய சான்றிதழை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றி, நடுவில் பிரித்துப் படித்து, மறுபடி பூட்டி அனுப்புவது. நான் அதைச் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். என் சென்டரில் பிள்ளைகள் ஆதார் எண் அடிக்கிறார்கள், பெற்றோரின் வங்கிப் பக்கத்தைத் திறக்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

அப்படியானால் அப்டேட் இல்லாத நாளில் ஸ்குவிட் எதற்கு? பங்கீட்டுக்கு. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தலைமடையில் இருப்பவன் மதகைத் திறந்தே வைத்திருந்தால் கடைமடையில் நாற்று காயும். எங்கள் சென்டரில் வாசலோரம் இருக்கும் பதினான்காம் நம்பர் கம்ப்யூட்டருக்குப் பிள்ளைகள் வைத்த பெயரே கடைமடைதான். யாராவது பெரிய ஃபைல் இறக்கினால் அதில் ஒரு பக்கம்கூடத் திறக்காது.

ஸ்குவிட்டில் டிலே பூல் என்று ஒரு வசதி. ஆளுக்கு ஒரு தொட்டி. தொட்டி எவ்வளவு கொள்ளும், விநாடிக்கு எவ்வளவு நிரம்பும் என்று இரண்டு எண்ணை நாம் கொடுக்கிறோம். நான் கொடுத்தது நிரம்ப 2,56,000, கொள்ளளவு 40,00,000. சும்மா இருக்கிறவரின் தொட்டி நிரம்பியே இருக்கும். அவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் முழு வேகத்தில் வந்துவிடும். மணிக்கணக்காக இறக்குகிறவரின் தொட்டி வற்றி, நிரம்புகிற அளவுக்குத்தான் அவருக்கு வரும். பூட்டிய எச்டிடிபிஎஸ் இணைப்புக்கும் இது பொருந்தும் என்பதுதான் பெரிய நிம்மதி. ஒரு எச்சரிக்கை: இந்த எண்கள் பைட் கணக்கு. நெட் லைன் விற்கிறவர்கள் சொல்லும் எம்பிபிஎஸ் பிட் கணக்கு. எட்டால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கொடுத்தது ஏறத்தாழ 2 எம்பிபிஎஸ்.

நேரக் கட்டுப்பாடும் உண்டு. டாலி வகுப்பு நேரத்தில் சில தளங்களை மட்டும் மூடி வைக்கிறேன். கிழமைக்கு ஒரு எழுத்து கொடுக்க வேண்டும். வியாழனுக்கு எச், சனிக்கு ஏ. ஞாயிறுக்கு எஸ் போய்விட்டதால் இப்படி. தெரியாமல் எழுதினால் சனிக்கிழமைத் தடை ஞாயிறில் விழும்.

விண்டோஸில் நிறுவியது நீடாமங்கலத்தில் அண்ணனின் உரக்கடையில். "நாலு கம்ப்யூட்டருக்கு அஞ்சாவதா ஒண்ணு வாங்கணுமாம்மா?" என்றார். நியாயம்தான். ஸ்குவிட் குழு விண்டோஸுக்கென்று தயார் நிலையில் எதுவும் தருவதில்லை; லினக்ஸ் மென்பொருளை விண்டோஸில் ஓட வைக்க உதவும் சிக்வின் மேல் வெளியார் கட்டிய எம்எஸ்ஐ நிறுவல் ஃபைல் கிடைக்கிறது. நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டினால் சி டிரைவில் ஸ்குவிட் ஃபோல்டரில் உட்கார்ந்து, சர்வீஸாகத் தானே ஓடும். இங்கே இரண்டு இடத்தில் தடுக்கும். முதலாவது, ஸ்குவிட்டின் வாசலான 3128 என்ற போர்ட்டை விண்டோஸ் ஃபயர்வாலில் உள்ளே வர அனுமதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யும், மற்றதில் சத்தமே இருக்காது. இரண்டாவது, டி டிரைவில் சேமிக்கச் சொல்வதென்றால் விண்டோஸ் பாணியில் எழுதக் கூடாது. சிக்டிரைவ், அதற்குள் டி என்று லினக்ஸ் பாணியில் சாய்கோடு போட்டு எழுத வேண்டும். கான்ஃபிக் ஃபைலில் மற்றதெல்லாம் ஒன்றே.

அண்ணன் கடையில் நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் தொகுப்பு லினக்ஸ் பதிப்புக்குப் பல படி பின்னால் இருக்கிறது, பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாகத்தான் வரும். பில் போடும் கம்ப்யூட்டரே ப்ராக்ஸியாகவும் இருப்பதால், அது ரீஸ்டார்ட் ஆகும்போது நாலுக்கும் நெட் போகிறது.

திருவாரூரில் தெரிந்தவருடைய லேபில் ஃபெடோரா. அதன் நிறுவல் கட்டளையான டிஎன்எஃப் வழியே நிறுவி, ஃபயர்வாலில் ஸ்குவிட் சர்வீஸைச் சேர்த்தால் முடிந்தது. போர்ட் எண்ணை 8888 என்று மாற்றியபோது மட்டும் தொடங்க மறுத்தது. ஃபெடோராவின் பாதுகாப்புக் காவலான எஸ்இலினக்ஸ் தடுக்கிறது, அதற்கு அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் சரி. ஃப்ரீபிஎஸ்டியில் கான்ஃபிக் ஃபைல் யூஎஸ்ஆர் லோக்கலுக்குக் கீழே இருக்கும், தொடங்கும்போது ஓட வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். மற்றபடி குறையே இல்லை. மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவி வழியே வருகிறது. தஞ்சாவூரில் ஒரு தோழியின் லேப்டாப்பில் போட்டேன். மூடியை மூடினால் ப்ராக்ஸியும் தூங்கிவிடும், சோதனைக்கு மட்டும் சரி.

அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது, மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டு, சின்ன யூபிஎஸ் ஒன்றைச் செருகி, வேறு எந்த வேலையும் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். என்னுடையது இப்போது 22.04இல் ஸ்குவிட் ஐந்தாம் பதிப்போடு அதே மேசைக்குக் கீழேதான் இருக்கிறது. மாற்றியது ஹார்டு டிஸ்க் ஒன்றுதான்.

போன வாரம் ஒரு பெண் கூத்தாநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். மறுநாள் காலை தேர்வு, ஹால் டிக்கெட் எடுக்கவில்லை. உள்ளே ஏழெட்டுப் பேர் என்னென்னவோ இறக்கிக்கொண்டிருந்தார்கள், காலியாக இருந்தது பதினான்காம் நம்பர் மட்டும். உட்கார்ந்தாள், எண்ணை அடித்தாள், பக்கம் வந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு அதே பஸ் திரும்புவதற்குள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.