டீச்சருக்குக் கேடயம் செய்யணும்னா இங்க குடுங்க (4 ஸ்டார்)

முதல்ல சொல்லிடறேன், இந்தக் கடையில ஏசி பேருக்குத்தான் ஓடுது, மாடிப்படி செங்குத்து, ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல இருக்கற தேக்காவுக்குக் கார் எடுத்துட்டு வர்றவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா தமிழ் எழுத்து உடையாம கேடயம் செஞ்சு தர்றாங்க, இந்த ஊர்ல அது சாதாரண விஷயம் இல்லைங்க.

எங்க தமிழ் டீச்சர் ரிடையர் ஆகறாங்கன்னு பழைய மாணவர்கள் கொஞ்ச பேர் காசு போட்டோம். எங்க ஸ்கூல்ல தமிழ் கிடையாது, கிளாஸ் முடிஞ்சு பஸ் புடிச்சு உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போவோம், பசியும் தூக்கமுமா வந்து விழற எங்களை உக்கார வெச்சுத் திருக்குறள் நடத்துனவங்க அவங்க. முதல்ல ஆன்லைன்ல வேற ஒரு கடைக்குத்தான் ஆர்டர் குடுத்தோம். டிசைன் வந்துச்சு பாருங்க, 'தொண்டு'ல கொம்பு ஒரு பக்கம், த ஒரு பக்கம், புள்ளியெல்லாம் எழுத்தை விட்டு இறங்கித் தனியா நிக்குது. கேட்டா "எங்க ஃபைல்ல சரியாத்தான் இருக்கு"ங்கறாங்க. இதை டீச்சர் கையில குடுத்தா அங்கயே சிவப்புப் பேனா எடுத்துருவாங்க!

இந்தக் கடை அண்ணன் ஸ்கிரீனைப் பாத்ததுமே சொல்லிட்டாரு, இல்லஸ்ட்ரேட்டர்ங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல தெற்காசிய மொழிக்குன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை மாத்தலன்னா இப்படித்தான் சிதறும்னு. மாத்தி, எழுத்தையெல்லாம் அவுட்லைன் ஆக்கி (அதாவது எழுத்தைப் படமா மாத்தி), ஃபுல் சைஸ்ல பேப்பர்ல எடுத்துக் குடுத்து "சத்தமாப் படிங்கம்மா"ன்னாரு. படிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் லேசர் மிஷின் பக்கமே போறாரு. பித்தளைத் தகட்டுல 'ழ' வளைவு கூட அவ்ளோ சுத்தம். மரப்பலகையோட 75 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அக்ரிலிக்னா 40. வெல்வெட் பாக்ஸ் மட்டும் மட்டம், மூடி நிக்கல. ஓரத்துல தங்க பார்டர், குத்துவிளக்கு, மயில் எல்லாம் வெக்கலாம்னு ஆசை காட்டுவாரு, வேணாம்னு கறாரா சொல்லிடுங்க.

அக்ரிலிக்ல இன்னொண்ணும் எடுத்தேன், அமெரிக்காவுல கணக்கு டீச்சரா இருக்கற பெரியம்மா பொண்ணுக்கு. அங்க மே மாசம் முதல் முழு வாரம் ஆசிரியர் பாராட்டு வாரம். பத்து டீச்சர்ல எட்டு பேர் வெள்ளைக்காரங்க, பப்ளிக் ஸ்கூல் பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல மத்த இனத்தவங்க. 1954ல இனவாரியா ஸ்கூல் பிரிக்கக் கூடாதுன்னு தீர்ப்பு வந்து ஸ்கூல்களைச் சேர்த்தப்போ ஆயிரக்கணக்கான கறுப்பின டீச்சர்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவங்க ஸ்டாஃப் ரூம்ல இந்திய முகம் அவங்க ஒண்ணுதான், அதனால எந்த இந்தியப் பெத்தவங்க வந்தாலும் பேச இவங்களைத்தான் கூப்பிடுவாங்களாம், அதுக்குத் தனிச் சம்பளமா குடுக்கறாங்க? இங்கயும் அதே கதைதானே, ஒண்ணு ரெண்டு தமிழ் டீச்சர் இருக்கற ஸ்கூல்ல தீபாவளி நிகழ்ச்சியா அவங்க, ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்குக் கோலமா அதுவும் அவங்க.

கேடயம் வாங்கறவங்க அப்படியே விருதுக்கும் பேர் குடுங்கப்பா. தமிழ் முரசு நாளிதழ், தமிழாசிரியர் சங்கம், தமிழ்மொழி கற்றல் வளர்ச்சிக் குழு மூணும் சேர்ந்து 2002லேர்ந்து நல்லாசிரியர் விருது குடுக்கறாங்க, மாணவர்களும் பெத்தவங்களும் பரிந்துரைக்கலாம். அதுல நாலு வரி எழுதறதுக்குக் காசும் செலவில்ல.

கடைக்கு வருவோம். ஒரு ஸ்டார் குறைச்சது டயத்துக்கு. "நாளைக்கு ரெடி"ன்னா அடுத்த வாரம்னு வெச்சுக்குங்க. இங்க ஆசிரியர் தினம் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை, ஆனா அன்னிக்கு ஸ்கூல் லீவு, கொண்டாட்டம் முந்தின நாளே முடிஞ்சிடும், அதனால ஆகஸ்ட் பாதிக்குள்ள ஆர்டர் குடுத்துடுங்க. வெளிநாட்டுக்கு அனுப்பறதை நாமதான் பாத்துக்கணும், பபிள் ராப் மட்டும் சுத்தித் தர்றாரு. பேநவ் (போன்லயே பணம் அனுப்பறது) உண்டு, கார்டு கிடையாது.