மலேசியா, கெடா மாநிலத்துல பீடோங் கடைவீதி மாடியில ஒரு ராத்திரி டியூஷன்
எங்கக்கா 2013ல எஸ்பிஎம் (பள்ளி முடிக்கிறப்போ எழுதுற அரசாங்கப் பரீட்சை) எழுதுனாங்க, செஜாரா, அதாவது வரலாறு பாடம், பாஸ் கட்டாயம்னு ஆன முதல் வருஷமே அதான், அதுலயே போச்சு, சர்ட்டிபிகேட் கிடைக்கல, அப்புறம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போயிட்டாங்க. இந்த டியூஷன்ல சேர்ந்தப்போ விரல்ல பால் கறையோடதான் பேனா பிடிப்பாங்க. டீச்சர் ஒரு நாளும் கத்துனதில்ல, பழைய காலண்டர் பின்பக்கத்துல பிரிட்டிஷ்காரங்க பேராக்கோட போட்ட 1874 பங்கோர் ஒப்பந்தத்துல இருந்து வரிசையா எழுத வைப்பாங்க, தப்பினா திரும்பவும் எழுதணும். ரெண்டு தடவை ஃபெயில், மூணாவது தடவை பாஸ். ரிசல்ட் ஸ்லிப்ப கையில வச்சுக்கிட்டு படியிலயே உக்காந்து அழுதுட்டாங்க. இப்ப எஸ்கேஎம் (மலேசிய தொழில்திறன் சான்றிதழ்) லெவல் 2 தையல் படிக்கிறாங்க. படிக்கட்டுல லைட் இல்ல, ஃபேன் ஒண்ணுதான், அதைக் கொஞ்சம் பாருங்க டீச்சர். மத்தபடி வயசாயிடுச்சேன்னு யோசிக்கிறவங்க தாராளமா போங்க.