எல்டிஸ்பைஸா, ஃபால்ஸ்டாடா, கீகேடா?

பிரெட்போர்டில் (பாகங்களைச் செருகிச் சோதிக்கும் பலகை) கை வைக்கும் முன் சர்க்யூட்டை ஓட்டிப் பார்க்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: சர்க்யூட் உங்களுக்குப் புரியவில்லையா, அல்லது புரிந்த சர்க்யூட் தாங்குமா என்று பார்க்க வேண்டுமா?

புரியவில்லை என்றால் ஃபால்ஸ்டாட். பிரவுசரில் திறந்தால் போதும். கரண்ட் போகும் திசையில் மஞ்சள் புள்ளிகள் வயரில் ஊரும். பாசிட்டிவ் வோல்டேஜ் பச்சை, நெகட்டிவ் சிவப்பு. கெப்பாசிட்டர் சார்ஜ் ஆக ஆகப் புள்ளிகள் தளர்ந்து நின்றுபோவதைப் பார்த்தவருக்கு ஆர்சி டைம் கான்ஸ்டன்ட்டை (ரெசிஸ்டர் வழியே கெப்பாசிட்டர் நிரம்பும் வேகத்தின் அளவு) தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது கணக்குப் போடும் நேர அடி, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம், வழக்கமாக 5 மைக்ரோசெகண்ட். 500 கிலோஹெர்ட்ஸில் ஓடும் பக் கன்வெர்ட்டருக்கு (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) ஒரு சுற்றே 2 மைக்ரோசெகண்ட்தான். அடியைக் குறைக்கலாம், ஓட்டம் ஆமையாகிவிடும்.

பவர் சப்ளை வேலை என்றால் என் கை தானாக எல்டிஸ்பைஸுக்குப் போகும். 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்பைஸ் என்ற சர்க்யூட் கணக்கு நிரலின் வாரிசு இது. மைக் எங்கல்ஹார்ட் லீனியர் டெக்னாலஜி என்ற சிப் நிறுவனத்தில் இருந்தபோது எழுதியது. இன்று அனலாக் டிவைசஸ் கையில் இருக்கிறது. இலவசம், சர்க்யூட் எவ்வளவு பெரிதானாலும் தடையில்லை. எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்ஃபெட் (சுவிட்ச் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) மேல் கொண்டுபோனால் கர்சர் தெர்மாமீட்டராக மாறும். கிளிக் செய்தால் அந்த மாஸ்ஃபெட் எத்தனை வாட் தின்கிறது என்பது வரைபடமாக வந்துவிடும். வரைபடத்தின் பெயர் மேல் கண்ட்ரோலோடு கிளிக் செய்தால் சராசரியும் கிடைக்கும். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் வேண்டுமா வேண்டாமா என்பது அந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும்.

முகப்பு மட்டும் பழைய காலத்தது. இன்னொரு பொறியும் உண்டு: பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் ஸ்பைஸுக்குக் கிடையாது. மெகா ஓம் என்று நினைத்து 1எம் என்று போட்டால் அது மில்லி ஓம். ‘மெக்’ என்றே எழுத வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க ஆப்-ஆம்ப்பை (சிக்னலைப் பெருக்கும் சிப்) சந்தேகப்பட்டுவிட்டு, கடைசியில் இதைத்தான் கண்டுபிடித்தேன்.

பிசிபி, அதாவது அச்சிட்ட சர்க்யூட் போர்டு, வரை போகப்போகிறவருக்கு கீகேட் வசதி. 2018இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து என்ஜிஸ்பைஸ் என்ற இன்னொரு ஸ்பைஸ் உள்ளேயே இருக்கிறது. போர்டுக்கு வரைந்த அதே ஸ்கீமேட்டிக்கை (சர்க்யூட் வரைபடம்) ஓட்டலாம். ஒவ்வொரு பாகமும் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் மாடல் ஃபைலைத் தேடிப் பின்களைப் பொருத்துவதுதான் பாடு. சிப் தயாரிப்பாளர் தரும் மாடல் பிஸ்பைஸ் என்ற வேறொரு ஸ்பைஸ் மென்பொருளுக்காக என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் இங்கும் எல்டிஸ்பைஸிலும் திறக்காது. அப்போது பிஸ்பைஸிடம்தான் போக வேண்டும். மைக்ரோகண்ட்ரோலரில் ஏற்றும் நிரலான ஹெக்ஸ் ஃபைலையே சர்க்யூட்டோடு சேர்த்து ஓட்ட வேண்டுமா? புரோட்டியஸ், காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

எந்த ஸ்பைஸை எடுத்தாலும் மாறாத குணம் ஒன்று. இரண்டு டிரான்சிஸ்டர் ஆஸ்டேபிளை (எல்இடியை மாறி மாறிச் சிமிட்டவைக்கும் சர்க்யூட்) அச்சுப்பிசகாமல் சமச்சீராக வரைந்து ஓட்டினால், இரண்டும் ஒரே அளவு கடத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். நிஜத்தில் எந்த இரண்டு டிரான்சிஸ்டரும் ஒன்றுபோல் இருப்பதில்லை, அதனால் மேசையில் அது தானே துடிக்கத் தொடங்கும். திரையில் ஒரு ரெசிஸ்டரை 10 கிலோ ஓமிலிருந்து 10.1 ஆக்கி, சப்ளை பூஜ்ஜியத்திலிருந்து ஏறும்படி வைத்து ஓட்டுங்கள், எல்இடி சிமிட்டும்.