ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ: அறிவித்த விலை 80,000, நாகர்கோவில் பில் எவ்வளவு?

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கிராபிக்ஸ் கார்டு 2025 பிப்ரவரி 20 அன்று விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 749 டாலர், இந்தியாவில் 80,000 ரூபாய் என்று முந்தின மாதமே அறிவித்துவிட்டார்கள். அந்த 80,000-ஐ மனதில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் கடை ஏறினால், "ஸ்டாக் இல்ல அண்ணே, வந்தா சொல்லுதேன்" என்பார்கள். இல்லையென்றால் அதைவிடப் பல ஆயிரம் கூடுதலாக ஒரு தொகை சொல்வார்கள். உடனே கடைக்காரர் மேல்தான் சந்தேகம் போகும். பாதி நேரம் அந்தச் சந்தேகம் தப்பு.

கார்டைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. 16 ஜிபி ஜிடிடிஆர்7 மெமரி, நொடிக்கு 896 ஜிபி வேகம். முந்தைய 4070 டிஐ சூப்பரில் இது 672 தான். 1440பி கேம்களுக்குத் தாராளம், 4கே-க்கு டிஎல்எஸ்எஸ் (குறைந்த தெளிவில் வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கும் வசதி) துணை வேண்டும். ஆனால் நம் மாவட்டத்தில் இந்தக் கார்டை அதிகம் விசாரிக்க வேண்டியவர்கள் கேம் ஆடும் பையன்களைவிடக் கல்யாண வீடியோ எடிட்டர்கள். இன்றைய கேமராக்கள் தரும் 10-பிட் 4:2:2 வீடியோவை (நிறத் தகவல் கூடுதலாக உள்ள வகை) முந்தைய தலைமுறையான 40 வரிசைக் கார்டுகள் ஹார்டுவேரில் டிகோட் செய்யாது. டைம்லைன் திக்கித் திக்கி நகரும். 50 வரிசை செய்யும். முடித்த வீடியோவை ஃபைலாக மாற்றும் என்கோடர் 5070 டிஐ-யில் இரண்டு, சாதா 5070-இல் ஒன்று. ஆனால் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசஸரில் உள்கிராபிக்ஸ் இருந்தால் எச்.265 4:2:2-ஐ அதுவே டிகோட் செய்துவிடும். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் இந்தக் கார்டு வாங்க வேண்டாம்.

இனி விலை. 749 டாலரை, கார்டு வந்த நேரத்து மதிப்பான 87 ரூபாயால் பெருக்கி "65,000 தானே ஆகுது" என்று கடையில் சண்டை போடுபவர்கள் உண்டு. அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது, இந்திய விலையில் ஜிஎஸ்டி சேரும். 65,163 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டியைக் கூட்டினால் 76,892. ஆக, 80,000-இல் மிச்சம் சுமார் 3,100 ரூபாய். 749 டாலருக்குள் ஒரு கடையின் லாபம் அடங்கியிருக்கிறது என்பது சரி. ஆனால் இங்கே சங்கிலி நீளம்: இறக்குமதியாளர், சென்னை டீலர், அப்புறம் நம் ஊர்க் கடை. ரூபாய் இன்னும் கொஞ்சம் சரிந்தால் அந்த 3,100-உம் காணாமல் போகும்.

இதைவிடப் பெரிய காரணம், விலையைச் சொன்னவர் வேறு, விற்பவர் வேறு என்பது. 5070 டிஐ-க்கு என்விடியா தன் சொந்த ஃபவுண்டர்ஸ் எடிஷன் வெளியிடவில்லை. ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், சோடாக் போன்றவர்கள் சிப்பை வாங்கி, போர்டும் கூலரும் சேர்த்து விற்கிறார்கள். சிப்பின் விலை அவர்கள் கையில் இல்லை. அவர்கள் விளையாடக்கூடிய இடம் மிகக் குறுகல். இவர்களைப் போலக் கார்டு விற்ற ஈவிஜிஏ நிறுவனம் 2022-இல் கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டுப் போனதற்கு இதுவும் காரணம். எனவே முதல் லோடில் 100 சிப் கிடைத்தால், அறிவித்த விலையில் விற்க வேண்டிய சாதா மாடலில் எத்தனை போடுவார்கள், பெரிய கூலரும் கலர் விளக்கும் உள்ள மாடலில் எத்தனை போடுவார்கள் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிப்பும் தாராளமாக வருவதில்லை. என்விடியாவுக்குச் சிப் தயாரித்துத் தரும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் ஏஐ சர்வர் சிப்புகளும் இதே குடும்பத் தொழில்நுட்பத்தில்தான் தயாராகின்றன. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் 130.5 பில்லியன் டாலர்; அதில் டேட்டா சென்டர் 115.2 பில்லியன், கேமிங் வெறும் 11.4 பில்லியன். எந்தப் பந்தியில் முதலில் இலை போடுவார்கள் என்பது தெரிந்ததே. 40 வரிசையின் பெரிய கார்டுகளைப் புதியது வருமுன்பே தயாரிப்பதைக் குறைத்துவிட்டதால், பழையதை வாங்கிச் சமாளிக்கவும் வழியில்லை.

தோவாளைச் சந்தையில் ஓணத்துக்குப் பிச்சியும் மல்லியும் ஏறும்போது யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை, ஏனென்றால் முந்தின மாதமே "கிலோ இவ்வளவு" என்று மேடை போட்டு அறிவிப்பவர் அங்கே இல்லை. இங்கே இருக்கிறார், என்விடியா. அறிவித்த விலையுள்ள மாடல்களின் ரிவ்யூக்களை பிப்ரவரி 19 அன்றும், விலை கூடிய மாடல்களின் ரிவ்யூக்களை மறுநாளும் வெளியிட அனுமதித்தார்கள். "காசுக்குத் தகுந்த கார்டு" என்ற தீர்ப்பு முதல் நாளே எழுதப்பட்டுவிட்டது. கடையில் கிடைத்ததோ இரண்டாம் நாள் கார்டு.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். என்விடியா சொன்ன 80,000 பரிந்துரை விலை. பெட்டியில் இறக்குமதியாளர் ஒட்டியிருக்கும் எம்ஆர்பி வேறு. பெரும்பாலும் விற்கும் விலையைவிட மிக அதிகமாக இருக்கும். பரிந்துரை விலைக்கு மேல் விற்பது சட்ட மீறல் அல்ல. எம்ஆர்பிக்கு மேல் விற்றால்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். எம்ஆர்பி ஸ்டிக்கரே இல்லாத பெட்டி என்றால் கையில் வாங்காமலேயே திரும்பி வாருங்கள். முறையாக இறக்குமதியாகாத கார்டுக்கு இந்தியாவில் வாரண்டி கிடைப்பது கடினம்.

எவ்வளவு கூடுதல் கொடுக்கலாம்? பிரைம், வென்டஸ், விண்ட்ஃபோர்ஸ், சாலிட் போன்ற சாதா மாடலுக்கு நாலாயிரம் வரை கூடக் கொடுப்பதில் தப்பில்லை. டஃப், கேமிங் ட்ரியோ, ஆரஸ் என்று மேலே போனால் வேகத்தில் கிடைப்பது இரண்டு மூன்று சதவீதம். அதற்குப் பதினைந்தாயிரம் என்பது சத்தத்துக்கும் அழகுக்கும் கொடுக்கும் காசு. கேபினெட்டோ பவர் சப்ளையோ சேர்த்து வாங்கினால்தான் கார்டு என்று "காம்போ" சொன்னால், அந்தப் பொருளின் தனி விலையைக் கழித்துப் பாருங்கள். தேவையில்லாத பொருள் என்றால் அதன் முழு விலையும் கார்டின் மேல் ஏறியதாகவே கணக்கு. 599 டாலருக்கு அறிவித்த ஏஎம்டி 9070 எக்ஸ்டி-யிலும் 16 ஜிபி உண்டு. கேம் மட்டும் என்றால் இரண்டின் பில் விலையையும் ஒப்பிடாமல் முடிவு செய்யக் கூடாது. காத்திருந்தால் இறங்கும் என்பதும் எப்போதும் பலிக்காது: 2025 கடைசியில் மெமரி விலை எகிறியபோது காத்திருந்தவர்களுக்குத்தான் நஷ்டம்.

ஸ்டுடியோ நடத்துபவர்கள் ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்கினால் 90,000 ரூபாய்க் கார்டில் 13,729 ரூபாய் உள்ளீட்டு வரியாகத் திரும்பும். திருவனந்தபுரம் போய் வாங்கினால் பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஜிஎஸ்டி) இருக்கிறதா என்று பாருங்கள். கவுண்டரில் கையில் தந்துவிட்டுக் கேரள எஸ்ஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி போட்டிருந்தால் தமிழ்நாட்டுப் பதிவில் அதை எடுக்க முடியாது. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு தொழில்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருப்பவர்களுக்கு எப்படியும் கிடையாது.

கார்டு 300 வாட், எனவே 750 வாட் பவர் சப்ளை வேண்டும். கார்டுக்குக் கரண்ட் தரும் அடாப்டருக்கு ஒரே கேபிளின் இரண்டு தலைகளைச் செருகாமல் தனித்தனிக் கேபிள் கொடுங்கள். கார்டில் செருகும் 12வி-2x6 பிளக் கடைசி வரை இறங்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் சூடாகி உருகக்கூடும். ஊரில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் தான் தாங்கும், கேம் நடுவே கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும். 1,000 விஏ-க்குக் குறையாமல் பாருங்கள். குளச்சல், முட்டம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று கனெக்டர்களை அரிக்கும். ஜன்னலோரம் கேபினெட் வைக்காதீர்கள்.

பொருத்திய அன்றே கார்டின் விவரம் காட்டும் ஜிபியூ-இசட் நிரலில் ஆர்ஓபி (படத்தை இறுதியாக வரையும் அலகுகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். 96 இருக்க வேண்டும். தொடக்கத் தயாரிப்பில் அரை சதவீதம் கார்டுகளில் அது குறைந்திருப்பதாக என்விடியாவே ஒப்புக்கொண்டது. 88 என்று காட்டினால் படம் எடுத்து, பில்லோடு கடைக்குக் கொண்டுபோய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.