கல்லூரி லேபுக்கு விண்டோஸ் 11: எந்த மெஷினில் போடலாம், எதில் கை வைக்கக் கூடாது

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுபோனது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கக் கல்லூரி லேப்களில் இப்போது ஓடும் பேச்சு இதுதான்: பதினொன்றுக்கு மாறலாமா, வேண்டாமா? எட்டாம் தலைமுறை இன்டெல்லோ அதற்கு மேலோ, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக மாறலாம். ஓஎஸ் நன்றாகவே இருக்கிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் செமஸ்டர் நடுவில் தொடவேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் கேட்பது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான். அது இன்ஸ்டால் ஆவதற்கான அளவு, வேலை செய்வதற்கானது அல்ல. 4 ஜிபியில் குரோமும் புரோகிராம் எழுதும் ஒரு ஐடிஇ-யும் திறந்தாலே மெஷின் திணறும். பழைய ஹார்டு டிஸ்க்கில் போட்டால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும், பையன்கள் லாகின் ஆவதற்குள் பீரியட் கரைந்துவிடும். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதும். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் அதோடு போர்டில் போடும் சிஆர்2032 பேட்டரியையும் பட்டை பட்டையாக வாங்கி வரட்டும். ஏன் என்பது கீழே.

பலரும் சறுக்கும் இடம் எச்110 மதர்போர்டு, ஐ3-7100 பிராசஸர் ஜோடி. பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டு செட்டிங்கில்) இன்டெல் பிடிடி-யை ஆன் செய்தால், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 தயார் என்று காட்டும், ஆனாலும் மைக்ரோசாஃப்டின் தகுதி பார்க்கும் கருவியான பிசி ஹெல்த் செக் 'முடியாது' என்றே சொல்லும். தடை டிபிஎம்மில் இல்லை; மைக்ரோசாஃப்ட் அனுமதித்த பிராசஸர் பட்டியலில் ஏழாம் தலைமுறை ஐ3-7100 இல்லாததுதான் தடை. விண்டோஸின் உள் செட்டிங்கான ரெஜிஸ்ட்ரியில் தட்டி உள்ளே நுழைய வழி உண்டு. வீட்டு மெஷினில் செய்யுங்கள், அறுபது மெஷின் லேபில் வேண்டாம். அடுத்த பெரிய வெர்ஷன் விண்டோஸ் அப்டேட் வழியாக வராது, ஒவ்வொரு முறையும் ஐஎஸ்ஓ என்ற இன்ஸ்டால் ஃபைலோடு மெஷின் மெஷினாக அலைய வேண்டும். கோர் 2 டுயோ இன்னும் மிச்சமிருந்தால் அந்தப் பேச்சே இல்லை: விண்டோஸ் 11-இன் 2024 வெர்ஷனான 24எச்2 முதல் பாப்கவுண்ட் என்ற கட்டளை பிராசஸரில் இல்லாவிட்டால் பூட்டே ஆகாது.

தகுதியுள்ள மெஷினில் வேலையின் வரிசை முக்கியம். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் வடிவில் இருக்கும்போதே பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் பூட் ஆக விடும் வசதியை) அணைத்தால் மெஷின் எழும்பாது. முதலில் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில், டிஸ்க்கைப் புதிய ஜிபிடி வடிவுக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை வேலிடேட் என்று ஓட்டிப் பாருங்கள், சரி என்றால் கன்வர்ட். பிறகு பயாஸுக்குப் போய் சிஎஸ்எம்-ஐ அணைத்து, பிடிடி-யையும் (ஏஎம்டி-யில் எஃப்டிபிஎம்) நம்பகமான ஓஎஸ்-ஐ மட்டும் எழுப்பும் செக்யூர் பூட்டையும் ஆன் செய்யுங்கள். வேலிடேட் தோற்றால் பெரும்பாலும் பார்ட்டிஷன்தான் காரணம். அசெம்பிள் செய்து கொடுத்தவர் டி, இ, எஃப் என்று எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் வெட்டி வைத்திருப்பார், இந்தக் கருவிக்கு அது ஆகாது. பிரைமரியும் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. டேட்டாவை எடுத்துவிட்டு அந்த டிரைவ்களை அழிப்பதுதான் வழி.

இப்போது பேட்டரி. சாயந்திரம் லேப் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். போர்டில் உள்ள 3 வோல்ட் பேட்டரி செத்திருந்தால் காலையில் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். சில போர்டுகளில் சிஎஸ்எம் மறுபடி ஆன் ஆகி, ஜிபிடி டிஸ்க்கைக் காணாமல் 'பூட் டிவைஸைச் செலக்ட் செய்' என்று கறுப்புத் திரை நிற்கும். ஓஎஸ் போய்விட்டது என்று யாராவது ஃபார்மேட் அடிப்பார். தேதியும் பின்னால் போயிருந்தால் அதுதான் அடையாளம். பேட்டரியை மாற்றும்போதே, கடல் காற்று வீசும் இடத்தில் ரேமின் தங்கப் பற்களையும் கழற்றி அழிரப்பரால் தேய்த்துவிடுங்கள், அதற்காகத் தனியாகக் கேபினெட்டைத் திறக்கும் வேலை மிச்சம்.

இதோடு ஒட்டியது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். 24எச்2-வைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ கல்லூரிக் கணக்கிலோ நுழைந்தால், டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகும். பயாஸ் அமைப்பு மாறிய மறுநாள் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு உட்காரும். அந்தக் கீ லாகின் ஆனவர் கணக்கில் இருக்கும், அவர் டிகிரி வாங்கிக்கொண்டு போயிருப்பார். லேப் மெஷினில் இதை அணைத்து வைப்பதே மேல்.

ஒரே மாடல் மெஷின்கள் என்றால் ஒன்றில் சுத்தமாகப் போட்டு இமேஜ் எடுப்பது சரி, ஆனால் மெஷினின் தனி அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் செய்யாமல் குளோன் அடிக்காதீர்கள். எல்லா மெஷினுக்கும் ஒரே எஸ்ஐடி (விண்டோஸ் தரும் அடையாள எண்) இருந்தால் முன்பு யாரும் கண்டுகொள்ளவில்லை. 2025 ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு வந்த அப்டேட்கள் கண்டுகொள்கின்றன: ஷேர்டு ஃபோல்டர் திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் பாஸ்வேர்டு தவறு என்று அடம்பிடிக்கும். ரீஸ்டார்ட் ஆனதும் மெஷினைப் பழைய நிலைக்கே திருப்பும் டீப் ஃப்ரீஸ் இருந்தால் அப்கிரேடுக்கு முன்பே அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

ஆபீஸ் ரூமில் முதல் புகார் ஜெராக்ஸ் மெஷினிடமிருந்து வரும். பாஸ்வேர்டு இல்லாத ஷேரில் ஸ்கேன் விழுந்துகொண்டிருந்தது நின்றிருக்கும். 24எச்2-இல், நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறையான எஸ்எம்பி-க்கு சைனிங் (டிஜிட்டல் கையெழுத்து) கட்டாயம், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவும் மூடியாகிவிட்டது. ஸ்கேனுக்கென்று பாஸ்வேர்டோடு தனி யூசர் உருவாக்குங்கள். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பழைய எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும் என்றால் மெயிலுக்கோ பென் டிரைவுக்கோ ஸ்கேன் செய்வதே வழி. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது, ஆகவே பழைய 32-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடிய டர்போ சி இனி பழைய டாஸ் சூழலைப் போலச் செய்யும் டாஸ்பாக்ஸுக்குள்தான் ஓடும். (சிலபஸைத் திருத்துவது இன்னும் நல்லது.) தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் செட்டிங்ஸிலேயே கிடைக்கின்றன, தனி மென்பொருள் வேண்டாம்.

எடிஷன் தேர்வில் கஞ்சத்தனம் வேண்டாம். 2025 வெர்ஷனான 25எச்2-இல் புரோவுக்கு அப்டேட் 2027 அக்டோபர் வரை, எஜுகேஷனுக்கு 2028 அக்டோபர் வரை.

தேறாத மெஷின்களைக் காயலான் கடைக்குத் தள்ள அவசரப்படாதீர்கள். சி, பைத்தான், மைஎஸ்கியூஎல் மட்டும் நடத்தும் லேபுக்கு உபுண்டு 24.04 போதும், 2029 வரை இலவச அப்டேட் உண்டு. விண்டோஸ்தான் வேண்டும் என்றால், கல்விக்கூடங்களுக்கு வால்யூம் லைசென்ஸ் வழியாக விண்டோஸ் 10-இன் நீட்டிப்பு அப்டேட் கிடைக்கிறது: மெஷினுக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. மெஷின் விண்டோஸ் 10-இன் கடைசி வெர்ஷனான 22எச்2-இல் இருக்க வேண்டும், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.