இரைப்பைப் புற்றுநோய்: வயிற்றைத் திறப்பதா, துளை வழியே செய்வதா?

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என்று முடிவானதும், வயிற்றைத் திறந்து செய்வார்களா, லேப்ராஸ்கோப்பியில் செய்வார்களா என்பதே குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி. இரண்டிலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்: கட்டியோடு இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்து, சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் (புற்றணுக்கள் பரவக்கூடிய சிறு முடிச்சுகள்) அகற்றி, உணவுப் பாதையைச் சிறுகுடலோடு மீண்டும் இணைக்க வேண்டும்.

திறந்த முறையில் மார்பெலும்பின் கீழிருந்து தொப்புள் வரை நீளக் கீறல் போடுகிறார்கள். மருத்துவரால் கட்டியைத் தொட்டுப் பார்க்க முடியும். ரத்தக்குழாய் கசிந்தால் விரலாலேயே அழுத்திப் பிடிக்க முடியும். ஆனால் மறுநாள் இருமும்போது நோயாளி தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டியிருக்கும். லேப்ராஸ்கோப்பியில் கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, ஐந்தாறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்துகிறார்கள். வெட்டிய இரைப்பையை வெளியே எடுக்கச் சில சென்டிமீட்டர் கீறல் இதிலும் தேவை. துளைகள் மட்டுமே என்று நம்பியிருப்பவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஜப்பானில் செய்கோ கிட்டானோ 1991-இல் தொடங்கிவைத்த இந்த முறை, புற்றுநோயை முழுமையாக நீக்குமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. கொரியாவில் முதல் நிலை நோயாளிகள் 1,416 பேரிடம் நடந்த ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் லேப்ராஸ்கோப்பியில் 94.2 சதவீதம், திறந்த முறையில் 93.3 சதவீதம், காயம் தொடர்பான சிக்கல்களும் லேப்ராஸ்கோப்பியில் குறைவு. ஆகவே தொடக்க நிலையில், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டிக்கு, பழகிய கை இருந்தால் லேப்ராஸ்கோப்பியையே நான் முன்வைப்பேன்.

முற்றிய நிலையில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சீனாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் மூன்றாண்டு முடிவுகள் ஏறக்குறைய சமமாகவே வந்தன. ஆனால் அங்கே கத்தி பிடித்தவர்கள் இந்த அறுவையில் நெடுநாள் தேர்ந்தவர்கள். நெதர்லாந்தில் நடந்த ஆய்விலோ, இரு பிரிவினரும் மருத்துவமனையில் தங்கிய நாட்களின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) ஏழாகவே இருந்தது. சீக்கிரம் வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதி எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. கட்டி அருகிலுள்ள உறுப்பைப் பற்றியிருந்தாலோ, பழைய அறுவைகளால் குடல் ஒட்டிக்கிடந்தாலோ, திறந்த முறையே பெரும்பாலும் பாதுகாப்பானது. லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி நடுவில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வி என்று எண்ணவும் கூடாது.

எனவே மருத்துவரிடம் தழும்பின் நீளத்தை மட்டும் கேட்காதீர்கள். ஆண்டுக்கு இத்தகைய அறுவைகள் எத்தனை செய்கிறார், அவற்றின் நோயியல் அறிக்கைகளில் (வெட்டியெடுத்த பகுதியை ஆய்வகத்தில் சோதித்துத் தரும் அறிக்கை) பரிசோதிக்கப்பட்ட நிணநீர்க் கணுக்கள் வழக்கமாகக் குறைந்தது 16 இருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள்.