மே மாத டெல்லிக்கு மெஷ் ஜாக்கெட்டா, வென்ட் வைத்த ஜாக்கெட்டா?

சென்னையில் பைக் ஓட்டிப் பழகிவிட்டு டெல்லிக்கு வேலைக்கு வருகிறவர்கள் கரோல் பாக் கடைகளில் முதலில் கேட்பது மெஷ் ஜாக்கெட்தான், அதாவது காற்று நேராக உள்ளே வரும் வலைத்துணி ஜாக்கெட். சென்னைக்கு அது சரி. இங்கே மே, ஜூனில் கணக்கு மாறிவிடும்.

நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குறைவாக இருந்தால், எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவு சுகம். 44 டிகிரியில் லூ எனும் அனல்காற்று வீசும்போது மெஷ் வழியாகப் பாய்கிற காற்று உடம்பைச் சூடேற்றத்தான் செய்யும். அப்போது காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது மட்டுமே. ஆனால் உடம்பு சுரக்கும் வியர்வைக்கு ஓர் அளவு உண்டு. காற்றோ, வண்டியின் வேகம் கூடக்கூட இன்னும் சூட்டைக் கொண்டுவரும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், வியர்க்கவே இல்லை என்று நினைத்துத் தண்ணீரையும் மறந்துவிடுவோம். யமுனா எக்ஸ்பிரஸ்வேயின் 165 கிலோமீட்டரை நண்பகலில் முழு மெஷ்ஷில் ஓட்டினால் தலைவலியும் கிறுகிறுப்பும் வருவது இதனால்தான்.

அங்கே வென்ட் வைத்த, அதாவது ஜிப்பால் திறந்து மூடும் காற்றுத்துளைகள் கொண்ட, டெக்ஸ்டைல் ஜாக்கெட் ஜெயிக்கிறது, உள்ளே ஈரம் இருந்தால். ஜாக்கெட்டுக்குள் போடும் முழுக்கை பாலியெஸ்டர் இன்னரை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து போடுங்கள். நெஞ்சு வென்ட்டைப் பாதியும் முதுகு வென்ட்டை முழுதும் திறந்துவிடுங்கள். முதுகுப்பக்கம் மூடியிருந்தால் ஈரம் வெளியேறாமல் உள்ளே புழுங்கும். பருத்தி பனியன் வேண்டாம். ஆர்மர் எனும் அடிதாங்கும் அட்டையின் விளிம்பில் சுருண்டு தோலை உரசிப் புண்ணாக்கும். இன்னர் காய்ந்ததும் பெட்ரோல் பங்கில் நிறுத்தி மறுபடி நனைக்க வேண்டும். வாங்கும்போது, மழையைத் தடுக்கும் உள்அடுக்கான லைனர் கழற்றக்கூடியதா என்று பாருங்கள். லைனர் உள்ளேயே இருந்தால் வென்ட்டைத் திறந்தும் காற்று உடம்பைத் தொடாது.

ஆனால் ஆர்.கே.புரத்திலிருந்து குருகிராமுக்குக் காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறவருக்கு மெஷ்தான் நல்லது. தௌலா குவான் நெரிசலில் வண்டி ஊர்ந்தால் வென்ட்டுக்குள் காற்றே போகாது. ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் ஈர இன்னரும் பயன்படாது, ஆவியாக இடமில்லை. அப்போதும் மெஷ்தான்.

விழுந்தால் எது தாங்கும் என்பதை ஜாக்கெட்டின் உள்லேபிள் சொல்லும். ஈஎன் 17092 என்ற ஐரோப்பியத் தரத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று உராய்வு தாங்கும் திறன் இறங்கிக்கொண்டே போகும். மெஷ் ஜாக்கெட்டுகளில் பலவும் ஏ வகை. தோள், முழங்கையில் மட்டும் கெட்டித் துணி இருக்கும். ஜெர்சிக்குள் போடும் ஆர்மர் சட்டை சி வகை. அது அடியைத் தாங்குமே தவிர, ரோட்டில் தேய்வதைத் தாங்காது. காற்றோட்டத்துக்காக அதை மட்டும் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

எந்த ஜாக்கெட்டானாலும் அதன் முதுகுப்பக்கம் ஆர்மர் வைக்கும் உள்பாக்கெட்டைத் திறந்து பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் வெறும் ஃபோம் அட்டைதான் இருக்கும். ஈஎன் 1621-2, லெவல் 2 என்று அச்சிட்ட முதுகு ஆர்மரை வாங்கி மாற்றுங்கள். பிறகு ஹேண்டில் பிடிப்பது போல முழங்கையை மடக்கி, ஆர்மரை மறுகையால் திருகிப் பாருங்கள். மூட்டைவிட்டு நகர்ந்தால் ஒரு சைஸ் குறைக்க வேண்டும். மெஷ் ஜாக்கெட் தொளதொளவென்றிருந்தால் விழும்போது ஆர்மர் சுழன்றுவிடும், முழங்கை எலும்பு வெறும் துணியோடு ரோட்டில் படும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ஏஏ வகை மெஷ், வெளிர்சாம்பல் நிறத்தில். உச்சிவெயிலில் நெடுஞ்சாலைக்குப் போக நேர்ந்தால் ஈர இன்னரும், மெஷ்ஷுக்கு மேல் மெல்லிய விண்ட்சீட்டரும் போட்டு, ஜிப்பைக் கழுத்துப்பக்கம் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். மெஷ்ஷே வென்ட் ஜாக்கெட் வேலையைச் செய்யும். விண்ட்சீட்டர் படபடக்காமல் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். கிளவுஸில் மேல்பக்கம் மெஷ் இருக்கலாம், உள்ளங்கைப் பக்கம் லெதராகவே இருக்கட்டும்.